காதில் விழுந்ததும், காது கொடுத்ததும்

ஒரு வெள்ளைத் தாள். அதில் இங்கிலீஷில் ஆறு வரி. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ரங்கநாயகி அம்மா என்னைப் பார்த்தார். டைப்ரைட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காலை வேளை. மை நாடாவின் வாசனையும் அவர் தலையில் இருந்த கதம்பத்தின் வாசனையும் கலந்து வந்தன.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்கம்மா."

"தெரியாம கையெழுத்துப் போடப் போறேளா?"

"எல்லாரும் போடறதுதானுங்களே."

"அது இருக்கட்டும். நெஜமாவே உங்க மேல தப்பா?"

மூன்று நாளாக எத்தனையோ பேர் என்னைத் திட்டினார்கள், எனக்காக வருத்தப்பட்டார்கள், புத்தி சொன்னார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

"இல்லீங்கம்மா" என்றேன்.

அவர் அந்தத் தாளை நாலாக மடித்தார். டைப்ரைட்டரின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. புதுத் தாள் ஒன்றை உருட்டி ஏற்றினார்.

"உட்காருங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ."

அந்த ஆபீஸில் எனக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

என் வேலை

போன சில வாரங்களில் மருங்காபுரிப் பக்கம் நான் பிறந்ததையும், கிணறு வெட்டியதையும், திருச்சிக்கு வந்ததையும் எழுதினேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ரயிலில் சக்கரம் தட்டுகிறவனாக இருந்தேன். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். திருச்சியில் ஒன்று. அன்று கூட இருந்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

வண்டி வந்து நிற்கும். நான் ஒரு பக்கம் இறங்குவேன். அருளப்பன் மறுபக்கம். கையில் நீளக் காம்பு போட்ட சுத்தியல். சக்கரத்துக்கு ஒரு தட்டு. நல்ல சக்கரம் 'ணங்' என்னும். விரிசல் விட்டதும், பூண் தளர்ந்ததும் 'பொத்' என்னும். அப்படி ஒன்று அகப்பட்டால் சாக்குக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு டி.எக்ஸ்.ஆரிடம் சொல்லவேண்டும். வண்டியைப் பார்த்து 'போகலாம்' என்று எழுதிக் கொடுக்கிறவர் அவர். அவர் பெயர் எங்களுக்கெல்லாம் டி.எக்ஸ்.ஆர்.தான். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் கெட்டது என்று எழுதிவிட்டால் அந்தப் பெட்டி 'சிக்'. ரயில்வேயில் மனுசனுக்கு மட்டும் இல்லை, பெட்டிக்கும் சீக்கு உண்டு. கழற்றித் தனியாக ஒரு தண்டவாளத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அதற்கு சிக் லைன் என்று பேர்.

பயணிகளுக்கு நாங்கள் வேடிக்கை.

"என்னப்பா தட்டிப் பாக்குற, காத்து இருக்கா?" என்பார் ஒருத்தர்.

"இரும்புச் சக்கரத்துக்கு ஏதுங்க காத்து?"

"பின்ன எதுக்குத் தட்டுற? தூங்கிடப் போவுதுன்னா?"

சிரித்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போவோம். நிற்க நேரம் இருக்காது.

ஏழு வருஷம் ஆகியும் நான் டெம்பரவரி. அடுத்த பட்டியலில் நிரந்தரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எடமலைப்பட்டி புதூரில் ஒரு அறை எடுத்திருந்தேன். மனைவி செல்லம்மா. மகள் கமலா அப்போது ஸ்கூலில் சேர்கிற வயது. என் சம்பளம் நின்றால் அவள் படிப்பும் நின்றுவிடும்.

அந்த வண்டி

வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்துக்கு ஸ்பெஷல் வண்டிகள் விட்டிருந்தார்கள். பகல் பத்து மணி இருக்கும். ஒரு வண்டி வந்து நின்றது. உள்ளே கால் வைக்க இடமில்லை. புளியோதரை வாசனை. ஒரு பெட்டியில் ஜால்ராவோடு பஜனை. படிகளில் ஆட்கள் தொங்கினார்கள்.

நான்காவது பெட்டி, மூன்றாவது சக்கரம். தட்டினேன். ணங். அடுத்ததற்கு நகர்ந்தேன். கை ஓங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி தட்டினேன்.

ணங் என்றது. ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது.

நல்ல சக்கரத்தின் சத்தத்துக்கு ஒரு வால் உண்டு. தட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போகும். இதில் அந்த வால் இல்லை. யாரோ கையை வைத்து அமுக்கினதுபோல் நின்றது. பஜனைச் சத்தத்தில் எனக்கே சந்தேகம். இன்னொரு தட்டு. அதேதான்.

குறி போட்டுவிட்டு டி.எக்ஸ்.ஆரை அழைத்து வந்தேன். அவர் தட்டினார்.

"ணங்னுதானேய்யா சொல்லுது?"

"சொல்லுதுங்கய்யா. நீட்ட மாட்டேங்குது."

"என்னது?"

"சத்தம் பாதியில நிக்குதுங்க."

மறுபடி தட்டினார். கார்டு வந்து தட்டினார். ஸ்டேஷன் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். எஞ்சின் டிரைவர் இறங்கி வந்தார். நாலு பேரும் ஒரே பேச்சு: சக்கரம் நல்ல சக்கரம்.

ஜன்னலில் இருந்து ஒரு அம்மாள் கத்தினார்.

"ஏம்ப்பா, உன் தட்டுக்கெல்லாம் பெருமாள் காத்துக்கிட்டு இருப்பாரா?"

"அந்தாளு சுத்தியலை வாங்கி வீசுங்கய்யா! வண்டிய எடுங்க!" இது இன்னொருவர்.

டி.எக்ஸ்.ஆர். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கருப்பையா, அடுத்தது காவிரிப் பாலம். நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"பாலங்கிறதாலதாங்க சொல்றேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு 'சிக்' என்று எழுதினார்.

பெட்டியைக் கழற்றினார்கள். அதில் இருந்தவர்களை மற்றப் பெட்டிகளில் திணித்தார்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதம். அந்தப் பெட்டியில் வந்த ஒரு பெரிய மனிதர் ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டு போகும்படி ஆயிற்று. இறங்கியதும் முதல் வேலையாகப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சிக் லைனில் பெட்டியைப் பார்த்தார்கள். துணியால் துடைத்துக் கண்ணால் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள்.

மறுநாள் எனக்கு மெமோ. பொய்க் காரணம் சொல்லி ஸ்பெஷல் வண்டியை நிறுத்தினேன் என்று. விசாரணை முடியும்வரை வேலை இல்லை. இரண்டு நாளில் எழுத்தில் பதில் தரவேண்டும். கூட்டத்துக்குப் பெட்டி போதவில்லை, அதையும் இரண்டு நாளில் ஓட்டத்துக்கு விட்டுவிடுவார்கள் என்று அருளப்பன் வந்து சொன்னான்.

வேலை போய்விடும் என்பது ஒரு பயம். அந்தப் பெட்டி பாலத்தில் ஏறும் என்பது இன்னொன்று. செல்லம்மாவிடம் முதல் பயத்தை மட்டும் சொன்னேன்.

மாப்புக் கடுதாசி

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஹெட்கிளார்க் மேஜை இழுப்பறையில் ஒரு கட்டுத் தாள் அச்சடித்து வைத்திருப்பார். 'தவறு என்னுடையது, வருந்துகிறேன், இனி நடக்காது, இந்த ஒரு தடவை பொறுத்தருள வேண்டும்' என்று ஆறு வரி. லேட்டாக வந்தவனுக்கும் அதுதான். விளக்கைத் தொலைத்தவனுக்கும் அதுதான். சண்டை போட்டவனுக்கும் அதுதான். பெயரும் தேதியும் மட்டும் டைப் அடித்துக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். நாங்கள் அதற்கு மாப்புக் கடுதாசி என்று பேர் வைத்திருந்தோம். என்ன செய்தோம் என்று அதில் இருக்காது. செய்யவில்லை என்று சொல்லவும் இடம் இருக்காது.

அருளப்பன் அதைத்தான் சொன்னான்.

"போடுய்யா கையெழுத்த. நான் போடாததா? எட்டு போட்டிருக்கேன்."

"சக்கரம் சரியில்ல அருளு."

"சக்கரம் உங்கப்பன் வீட்டுச் சொத்தா? விசாரணைக்கு என்ன பேரு தெரியுமா? ஹியரிங். நீ பேசுனா அவங்க காதுல விழும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒன்னும் நடக்காது."

நானும் போடுவதற்குத்தான் போனேன். மறைக்க ஒன்றும் இல்லை. மனசு அந்த அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு விஷயம் எனக்கோ அருளப்பனுக்கோ தெரியாது. அதை ரங்கநாயகி அம்மாதான் சொன்னார்.

"பர்மனென்ட் ஆளுக்கு இது எச்சரிக்கையோட போயிடும். நீங்க டெம்பரவரி. தப்பை ஒத்துண்டுட்டா, இதையே வெச்சு ஆத்துக்கு அனுப்பலாம்."

ரங்கநாயகி அம்மா ஸ்ரீரங்கம். தினமும் காலை வண்டியில் வருவார். அவருடைய அப்பா அதே ஆபீஸில் கிளார்க்காக இருந்து இறந்துபோனார். அந்த வேலை மகளுக்கு வந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். ஆபீஸில் ஒரே பெண். கல்யாணம் ஆகாதவர். ஆனாலும் 'மாமி' என்று கேலி செய்வார்கள். காதில் வாங்காதவர்போல் டைப் அடித்துக்கொண்டிருப்பார். மத்தியானம் ஃபைல் அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். அதுவரை அவரிடம் நான் பேசியது 'வணக்கம்மா' மட்டும்.

கிணற்றில் ஒரு நாள்

இங்கே பழைய கதை ஒன்று சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று விளங்காது.

மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டினால் பத்தடியில் பாறை. நானும் என் மச்சான் சின்னக்கண்ணுவும் அந்த வேலைக்குப் போவோம். வெடி வைத்த பிறகு இறங்குகிறவன் கடப்பாரையால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பான். பாறை இறுகி இருந்தால் ஒரு சத்தம். விட்டுப் போயிருந்தால் ஒரு சத்தம். மேலே நிற்கிறவனும் கவனிக்கவேண்டும். கிணற்றுக்குள் எதிரொலி. கீழே இருப்பவனுக்குத் தப்பினது மேலே இருப்பவனுக்குத் தெரியும். அதற்குத்தான் இரண்டு பேர்.

அன்று மச்சான் கீழே தட்டினார். நான் மேலே. கிணறு வெட்டச் சொன்ன தோட்டக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தார். மழையைப் பற்றி. நானும் மழையைப் பற்றிப் பேசினேன். கீழிருந்து சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் ஒன்று வேறுமாதிரி வந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தது. பேச்சு பாதியில் இருந்தது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

பலகை மாதிரி ஒரு பாறை சரிந்தது. மச்சானுக்கு வலது கால் போயிற்று.

"மேல சத்தம் கேட்டுச்சா மாப்ள?" என்று பிறகு ஒருநாள் கேட்டார். கேட்டது என்றேன். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் தட்டினால் சத்தம் முடியும்வரை நிற்பேன். செல்லம்மாகூடக் கிண்டல் செய்வாள். காந்தி மார்க்கெட்டில் தேங்காயைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். "வாங்குறதுன்னா வாங்குங்க. தேங்கா உங்ககிட்ட கதையா சொல்லுது?" என்பாள்.

இரண்டு வார்த்தை

நான் சொல்லச் சொல்ல ரங்கநாயகி அம்மா டைப் அடித்தார். மொத்தம் பத்துப் பதினைந்து வாக்கியம் சொல்லியிருப்பேன். நடுவில் விரல்கள் நின்றன.

"ஒரு நிமிஷம். டி.எக்ஸ்.ஆரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கார்டும் கேட்டார். நீங்களும் கேட்டேள். எல்லாருக்கும் ஒரே சத்தம்தானே? அப்போ என்ன வித்தியாசம்னு அதிகாரி கேப்பாரே?"

யோசித்தேன்.

"அவங்க காதுல விழுந்துச்சுங்க. நான் காது குடுத்தேன்."

அவர் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது.

"பேஷ். அதுக்கு இங்கிலீஷ்ல தனித்தனியா ரெண்டு வார்த்தை இருக்கு. ஹியர்னு ஒண்ணு. லிசன்னு ஒண்ணு."

அருளப்பன் சொன்ன ஹியரிங் நினைவுக்கு வந்தது.

"ஹியர்ங்கறது தானா நடக்கறது. காலம்பற நான் தூங்கிண்டிருப்பேன். கோவில் மேளம் காதுல விழும். நான் ஒண்ணும் பண்ணலை. அது ஹியர். எழுந்து உட்கார்ந்து, இன்னிக்கு என்ன வாசிக்கிறான்னு கவனிக்கறேன் பாருங்கோ, அது லிசன். நாமளா பண்ணினாத்தான் உண்டு."

"தூங்குறவன் லிசன் பண்ண மாட்டானுங்க."

"மாட்டான். அதனாலதான் ஒருத்தரைப் பார்த்து 'லிசன்'னு அதட்டலாம். 'ஹியர்'னு அப்படி அதட்டறதில்லை. காது தொறந்துதானே இருக்கு, அதுக்கு என்ன கட்டளை?"

"காது கேக்காதவங்க எப்படிங்கம்மா?"

"எங்க பெரியப்பாக்குக் காது சுத்தமாக் கேக்காது. ஹியர் கிடையாது. ஆனா எதிர்ல உட்கார்ந்து நம்ம வாயையே பார்த்துண்டிருப்பார். ஒரு வார்த்தை தப்பாது. எங்காத்துல லிசன் பண்றவர் அவர் ஒருத்தர்தான்."

எனக்கு இன்னொன்று தோன்றியது.

"லிசன் பண்ணியும் ஒன்னும் காதுல விழாம போகுங்களா?"

"போகுமே. அதையும் அப்படியே சொல்றதுண்டு. லிசன் பண்ணினேன், ஒண்ணும் ஹியர் ஆகலைன்னு."

அது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் ஊரில் தண்ணீர் ஊறுகிறதா என்று புதுக் கிணற்றின் ஓரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருப்போம். எத்தனையோ கிணறு.

"அப்ப எனக்குச் சம்பளம் லிசனுக்குத்தானுங்க. ஹியருக்கு இல்ல."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஹெட்கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா அங்க?"

"எக்ஸ்பிளனேஷன் சார்."

"அச்சடிச்ச பாரம்தான் இருக்கே. அதுக்கு எதுக்கு ஒன்றரைப் பக்கம்?"

"அவர் சொல்றார். அடிக்கறேன் சார்."

"அவருக்கு வேலை போனா உனக்கென்னன்னு அடிக்கிறியா?"

டைப்ரைட்டர் மட்டும் பேசியது. நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார். தாளை உருவினார். தமிழில் படித்துக் காட்டினார். சரியாக இருந்தது. தமிழில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் எனக்குக் கொடுத்தார்.

"தைரியமாப் போங்கோ" என்றார். உடனே முகத்தைத் திருப்பி அடுத்த தாளை உருட்டி ஏற்றினார். வேலை அவசரம் என்று நினைத்தேன்.

சிக் லைன்

மறுநாள் காலை ஆள் வந்து, சுத்தியலோடு வரச் சொன்னான். சிக் லைனுக்கு ஓடினேன். பெட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

பெரிய அதிகாரி வந்திருந்தார். வெளி மாகாணத்துக்காரர். தமிழ் வராது. கையில் நான் கொடுத்த காகிதம். பக்கத்தில் டி.எக்ஸ்.ஆர். அதிகாரி என் கையிலிருந்த சுத்தியலைக் கேட்டு வாங்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். பெட்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். வேகமாகப் போனார். மூன்றாவதையும் தட்டிவிட்டுப் போனார்.

நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோடியில் போய் நின்றார். காகிதத்தை எடுத்து எதையோ மறுபடி படித்தார். அடுத்த தண்டவாளத்தில் ஒரு எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிக் கொண்டுபோகச் சொன்னார். எல்லாரையும் கையமர்த்தினார். திரும்பி வந்து மூன்றாவது சக்கரத்தைத் தட்டினார். நின்றார். நாலாவதைத் தட்டினார். நின்றார். மறுபடி மூன்றாவது.

டி.எக்ஸ்.ஆரைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"லிசன்."

அவர் பேசிய இங்கிலீஷில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். டி.எக்ஸ்.ஆர். தலையைச் சாய்த்துக்கொண்டார்.

பிறகு சோதனை வைத்தார்கள். சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணாம்புக் கரைசல் பூசினார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசியும். காய்ந்த சுண்ணாம்பில் கோடாகத் தெரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். அவசரத்துக்கு ஆகாத சோதனை. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அருளப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் சிலுவை போட்டுக்கொண்டான்.

சக்கரத்தின் உள்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கறுப்பு எழுந்தது. விரல் நீளம் வந்து நின்றது.

அதிகாரி சுத்தியலின் காம்புப் பக்கத்தை என்னிடம் நீட்டிக் கொடுத்தார். டி.எக்ஸ்.ஆர். என் தோளில் கைவைத்தார்.

"அன்னிக்கு எனக்கும் காதுல விழுந்துச்சுய்யா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? சொன்னார். அவருக்கும் நன்றி.

மெமோ ரத்தாயிற்று. அடுத்த பட்டியலில் என் பெயர் வந்தது.

ரங்கநாயகி அம்மாவுக்கு ஒரு சீப்பு ரஸ்தாளி கொண்டுபோனேன். "எதுக்கு இதெல்லாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாசத்தில் கல்யாணமாகி நாக்பூர் பக்கம் போய்விட்டார். அதிகாரி கெட்டிக்காரர், சோதனை வைக்க அவருக்குத் தோன்றியதே என்று பத்து வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கமலா படித்தாள்

அறுபதுகளின் கடைசி. கமலா பத்தாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியில் என்னவோ தேடினவள் அந்த நகலை எடுத்தாள். படித்துச் சொல்லச் சொன்னேன். எனக்கு ஆசையாக இருந்தது.

எல்லாம் நான் சொன்னபடியே. இங்கிலீஷிலும் என் வாக்கியங்கள் குட்டையாகத்தான் இருந்தன. கமலா சிரித்தாள்.

"இங்க லிசன்னு வருதுப்பா."

"தெரியும். மேல படி."

கடைசிப் பத்தியில் அவள் குரல் மாறியது.

"அப்பா, இத நீங்களா சொன்னீங்க? 'சுண்ணாம்புச் சோதனை செய்யாமல் அந்தப் பெட்டியில் ஜனங்களை ஏற்றக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். சோதனையில் ஒன்றும் இல்லையென்றால் என்னை வேலையைவிட்டு நீக்கலாம்.'"

நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சோதனையைக் கேட்டு வாங்கலாம் என்றே எனக்குத் தெரியாது. தினமும் அந்தச் சோதனை ரிப்போர்ட்டுகளை டைப் அடித்தவர் ரங்கநாயகி அம்மா. அவருக்குத் தெரியும். எனக்குப் படித்துக் காட்டும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டார். காட்டியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். பயந்திருப்பேன். ஆனால் அன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது என் மனசில் இருந்தது அதுதான். சொல்ல வாய் வரவில்லை. அவர் அதையும் சேர்த்து எழுதிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய அம்மா நாக்பூர் விலாசம் கொடுத்தார். கமலா ஒரு கடிதம் எழுதினாள். மூன்று வாரத்தில் தபால் கார்டு வந்தது. பொடி எழுத்து.

'அந்தச் சக்கரத்தில் விரிசல் இருந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் நிச்சயமாக இருந்தீர்கள். அதை நம்பி உங்கள் வேலையை நான் பணயம் வைத்தேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. இத்தனை வருஷமும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னிக்க வேண்டும்.'

இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். கமலா கார்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

"என்ன எழுதட்டும்ப்பா?"

"மன்னிக்க ஒன்னும் இல்லைன்னு எழுது. இன்னும் வேலையில இருக்கேன்னு எழுது."

எழுதினாள்.

"அவ்வளவுதானா? நன்றின்னு ஒரு வார்த்தை?"

கார்டில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று பார்த்தேன்.

"மகள் பத்தாவது படிக்கிறாள், இந்தக் கடிதத்தை எழுதுவது அவள்தான்னு போடு" என்றேன்.